சனிக்கிழமைப் பாடம்

அத்தியாயம் 11

நான்கு சார்ட் தாள்களை ஒன்றாக ஒட்டி, நடுவீட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள் சங்கீதா. மேலே பெரிய எழுத்தில், 'இந்த வருஷம்'. கீழே மூன்று பத்திகள். பச்சை மையில் அரசு. ஊதாவில் செந்தமிழ். கறுப்பில் நிலா.

ஆறு வயதுக்கு ஒரு பள்ளிக்கூடம், பத்து வயதுக்கு ஒரு பள்ளிக்கூடம், பிளஸ் டூவுக்கு ஒரு பள்ளிக்கூடம். மூன்றும் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே. டீச்சர் ஒருத்திதான். சமையல்காரியும் அவளேதான்.

போன வருஷம் தொடங்கியது இந்தக் கூத்து. சுலோசனா மிஸ் நடத்திய நர்சரி பள்ளியில் பதின்மூன்று வருஷம் டீச்சராக இருந்தவள் சங்கீதா. பள்ளியை மூடியதும், நடுப்பிள்ளை செந்தமிழை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அவளுடைய திக்குவாயைக் கேட்டு வகுப்பே கைதட்டிச் சிரித்தது. மூன்றாம் நாள் அவள் பேசுவதையே நிறுத்தினாள். நான்காம் நாள் சங்கீதா அவளைக் கூட்டிவந்து வீட்டில் உட்காரவைத்தாள். கடைக்குட்டி அரசு, "அப்ப நானு?" என்றான். பிளஸ் ஒன் போய்க்கொண்டிருந்த மூத்தவள் நிலாவும் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள்.

முதல் வருஷம் தட்டுத் தடுமாறிப் போனது. அரசுவுக்குச் சொன்ன கதையை நிலா கேட்டுக்கொண்டிருந்தாள். நிலாவுக்குச் சொன்ன வேதியியலில் அரசு தூங்கினான். அதனால்தான் இந்த வருஷம் திட்டம்.

உப்பளத்திலிருந்து கணவர் கண்ணாயிரம் சாப்பிட வருவது காலை பத்து மணிக்கு. எனவே பள்ளி தொடக்கம் பத்தரை. அடுத்து, ஒரே பொருளில் மூன்று பாடம். உப்பு என்று எடுத்துக்கொண்டால், அரசு குவியல்களை எண்ணுவான், செந்தமிழ் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதுவாள், நிலா அதற்கு வேதியியல் சமன்பாடு போடுவாள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து பாத்திகள் மூழ்கிவிடும். அப்போது அப்பாவுக்கு வேலை இல்லை. அந்த இரண்டு மாதமும் பொது அறிவு அவர் பொறுப்பு.

"அப்பாவுக்குப் பொது அறிவு இருக்குதாம்மா?" என்றான் அரசு.

"வாய மூட்றா."

"டெ... டெஸ்ட் வெச்சுப் பாத்துட்டு வேலைக்கு எடும்மா," என்றாள் செந்தமிழ்.

சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்தது. திக்கித் திக்கியாவது கிண்டல் பண்ணுகிறாளே, அது போதும்.

நிலா மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்று கறுப்புப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா நிலா, பாடம் ஜாஸ்தியா இருக்குதா?"

"இல்லம்மா. ஜூலை ரெண்டாவது வாரம் எனக்கு ஒண்ணும் எழுதாத."

"ஏன்?"

"பெரியப்பா சொன்னாரு."

சங்கீதாவின் கையிலிருந்த மார்க்கர் நின்றது.

கண்ணாயிரத்தின் அண்ணன் தட்சணாமூர்த்தி எதையும் சும்மா சொல்கிற ஆள் இல்லை. போன வாரம்தான், நிலாவின் பெயரில் இருக்கிற உப்பளத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "ரோடு வேலையா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாயிரம் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

அந்த உப்பளம் மூன்று ஏக்கர். பட்டா நிலம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது. கண்ணாயிரத்தின் தங்கை மலர்கொடி, கல்யாணம் கட்டிக்கொள்ளாமலே வாழ்ந்தவள், சாகும்போது தன் பங்கை நிலா பெயருக்கு எழுதிவைத்தாள். பதினெட்டு முடிகிறவரை யாரும் அதை விற்கக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. தட்சணாமூர்த்தி தன் பங்கை எப்போதோ ஒரு ரிசார்ட்காரனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த ரிசார்ட் நிலத்துக்கு நடுவில் மலர்கொடியின் நிலம் கிடந்தது. ஐந்து பேருக்கும் சோறு போடுவது அதுதான்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"இன்னாம்மா சங்கீதா! கலெக்டர் ஆபீஸ் போர்டு கணக்கா இருக்குது!"

தட்சணாமூர்த்தி உள்ளே வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கக்கத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதைப் பிரித்து ஓர் உலக உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அரசு ஓடிவந்து அதைச் சுற்றிவிட்டான்.

"பெரியப்பா, நம்மூரு எங்க?"

"அதுல தெரியாதுடா கண்ணு. நம்மளது சின்ன ஊரு. கடல் ஒரு வாய் வெச்சா காணாமப் போயிடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. ஊரில் யாரையும் அந்தச் சிரிப்பாலேயே உட்காரவைத்துவிடுவார்.

ஊரெல்லாம் இந்த வீட்டுப் பள்ளிக்கூடத்தைக் கேலி பேசியபோது, பக்கத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான். புத்தகம் வாங்கித் தந்தார். மேசை செய்து தந்தார். "நிலாவுக்கு நெலம் அளக்க, பத்திரம் படிக்க நான் சொல்லித் தர்றேன். எந்த ஸ்கூல்லயும் இத சொல்லித் தரமாட்டான்" என்றார். பெரிய வகுப்புக் கணக்கில் சங்கீதா கொஞ்சம் தடுமாறுவாள். அதனால் சந்தோஷமாகவே போன வருஷத் திட்டத்தில் தன் கையால் எழுதினாள்: சனிக்கிழமை, வாழ்க்கைக் கல்வி, பெரியப்பா.

"ஜூலை பத்து, பதினொண்ணு நிலாவுக்கு லீவு போட்டுடும்மா."

"எதுக்கு மாமா?"

"பொறந்தநாள் இல்ல? பதினெட்டு முடியுது. திண்டிவனம் கூட்டிட்டுப் போயி துணி எடுத்துத் தரேன்."

"துணி எடுக்க ரெண்டு நாளா?"

"மறுநாள் ஒரு சின்ன வேல இருக்குது. நீ ஏன் அதப் போட்டுக் கொழப்பிக்கிற? புள்ளைங்கள படிக்க வெய்யி."

அவரே மார்க்கரை வாங்கினார். தன் வீட்டுக் காலண்டரில் குறிப்பதுபோல நிதானமாக, நிலாவின் பத்தியில் இரண்டு கட்டங்களையும் கறுப்பாக அடைத்தார். மூடியைப் போட்டு அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வா நிலா. வெயில் ஏறங்காட்டியும் போயிடலாம்."

நிலா நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு ஸ்கூட்டரில் ஏறினாள்.

நோட்டு இல்லாமல் என்ன பாடம்?

சங்கீதா அலமாரியைத் திறந்தாள். 'வாழ்க்கைக் கல்வி' என்று அட்டை போட்ட நோட்டு அடியில் இருந்தது. போன வருஷம் என்னென்ன நடத்தப்பட்டது என்று பார்த்தால்தான் இந்த வருஷத்துக்கு மீதியை எழுத முடியும். அப்படி நினைத்துத்தான் பிரித்தாள்.

முதல் சில பக்கங்கள் நன்றாகவே இருந்தன. பாத்தியின் நீளம், அகலம். சென்ட், ஏக்கர். அப்புறம் பத்திரத்தில் வரும் சொற்கள்: கிரயம், வில்லங்கம், நான்கெல்லை, சாட்சி. ஒவ்வொன்றுக்கும் நிலாவின் குண்டு எழுத்தில் பொருள் எழுதியிருந்தது.

மாசிக்கு அப்புறம் பாடம் எதுவும் இல்லை.

கையெழுத்துகள் இருந்தன.

க. தமிழ்நிலா. க. தமிழ்நிலா. க. தமிழ்நிலா. ஒரு பக்கத்துக்கு நாற்பது. பக்கம் பக்கமாக, வாரா வாரம். ஓரத்தில் தட்சணாமூர்த்தியின் சிவப்பு மை. 'சாய்வு மாறுது.' 'வேகமா போடு, யோசிக்காத.' 'இது ஸ்கூல் புள்ள கையெழுத்து, பெரியவங்க மாதிரி போடு.'

கடைசிப் பக்கத்தில் நாற்பதும் அச்சடித்ததுபோல இருந்தன. கீழே சிவப்பில் ஒரு டிக்.

'நன்று. இனி மாறாது.'

சங்கீதா நோட்டை மூடினாள்.

ஜூலை பத்தாம் தேதி நிலாவுக்குப் பதினெட்டு முடியாது. நிலாவுக்கு இப்போது பதினாறு வயதும் ஏழு மாதமும். அது பெற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவள் டீச்சராகச் சேர்ந்த வருஷம். நிலாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. மூன்றரை வயது முடியாத பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கக்கூடாது என்பது பள்ளியின் விதி. நிலாவுக்கு அப்போது ரெண்டரை. புயல் மழையில் தாய்வீட்டில் பிறந்த பிள்ளை. யாரும் போய்ப் பதியவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எழுதும் வேலை சங்கீதாவுடையது. பழக்கத்தில் முதலில் உண்மைத் தேதியையே எழுதிவிட்டாள். பிறகு அதை அடித்து, மேலே ஜூலை பத்து என்று ஒரு வருஷம் நாலு மாதம் முன்னால் தள்ளி எழுதினாள். பக்கத்தில் தன் இனிஷியலும் போட்டாள். சின்னப் பிள்ளை என்பதால் நிலா எல்.கே.ஜி.யையே இரண்டு வருஷம் படித்தாள்.

ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் பிறந்தநாள் அமைந்தது. பெரிய தப்பாகத் தோன்றவில்லை. அந்தத் தேதி பள்ளியிலிருந்து ஆதாருக்குப் போனது. ஆதாரிலிருந்து பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போனது. வருஷா வருஷம் ஜூலை பத்தில் மிட்டாய் கொடுத்துக் கொடுத்து, நிலாவுக்கும் அதுவே பிறந்தநாள் ஆகிவிட்டது.

இப்போது காகிதத்தில் இருக்கிற நிலாவுக்கு இன்னும் மூன்று வாரத்தில் பதினெட்டு. அவள் கையெழுத்து செல்லும்.

உண்மைத் தேதி இருக்கிற காகிதம் உலகத்திலேயே ஒன்றுதான். அடித்தலுக்குக் கீழே, சங்கீதாவின் கையெழுத்தில். பதிவேடு கூனிமேட்டில், சுலோசனா மிஸ் வீட்டில் இருக்கிறது.

பத்து மணிக்குக் கண்ணாயிரம் வந்தார். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள்.

"அண்ணன் வந்துட்டுப் போயிட்டாரா?"

"நிலாவ கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் கூனிமேடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். செந்தமிழுக்குப் பழைய புக்கு கொஞ்சம் கேக்கணும்."

"இந்த வெயில்லயா?"

"ஷேர் ஆட்டோலதான் போறேன்."

கண்ணாயிரம் தலையாட்டினார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஷேர் ஆட்டோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் சங்கீதா வலப்பக்கம் பார்த்தாள். கண் கூசும் வெள்ளை. கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள். மலர்கொடியின் பாத்திகளைச் சுற்றி வரிசையாகக் குச்சிகள் நட்டிருந்தன. ஒவ்வொரு குச்சியிலும் ஒரு சிவப்புத் துணி.

போன வாரம் டேப்போடு போனவர்கள் இந்த வாரம் எல்லையே கட்டிவிட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலை, பாத்தியில் உப்பு வாருகிற பெண், சங்கீதாவின் முழங்கையை இடித்தாள்.

"இன்னாக்கா, நெலத்த குடுத்துட்டீங்களாமே? இந்த சீசனோட சரின்றாங்க. நாங்கல்லாம் எங்க போறது?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. உனுக்குத் தெரியாதாக்கா?"

கூனிமேடு வந்ததும் சங்கீதா இறங்கிக்கொண்டாள்.

சுலோசனா மிஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க டீச்சர்! உங்க வீட்டு ஸ்கூல்ல எனக்கு அட்மிஷன் உண்டா? சும்மா ஒக்காந்து ஒக்காந்து முட்டி போயிடுச்சு."

"ஒரு ரெஜிஸ்டர் பாக்கணும் மிஸ். நிலா சேர்ந்த வருஷத்தோட அட்மிஷன் ரெஜிஸ்டர்."

"அதான் குடுத்தனுப்புனேனே!"

"யாருகிட்ட?"

"உங்க வூட்டுக்காரரோட அண்ணன்கிட்டதான். போன சனிக்கிழம வந்தாரு. வீட்டு ஸ்கூலுக்கு மாடல் வேணும்னு டீச்சர் கேக்கறாங்கன்னாரு. நீங்க அனுப்பலியா?"

சங்கீதா இல்லை என்று தலையசைத்தாள். சுலோசனா மிஸ்ஸின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

"நிலாவும்தான் கூட வந்துச்சு டீச்சர். வண்டியிலேயே உக்காந்திருந்துச்சு. உள்ள வாம்மான்னு கூப்ட்டேன். வரல. தண்ணி கூட வேணாம்னுடுச்சு."

"நிலாவா?"

"ஆமா. இத்தன ரெஜிஸ்டர் இருக்குது, அவரு ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தாரு. ஒரு பக்கத்துல வெரல வெச்சுப் பாத்துட்டு, 'இது போதும்'னாரு."

சங்கீதா நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்து நோட்டு, லீவு, சிவப்புத் துணி, எல்லாம். அடித்து எழுதிய தேதியைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

"அது எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்," என்றாள் சுலோசனா மிஸ். "ரெண்டரை வயசுப் புள்ளைக்கும் நாலு வயசுப் புள்ளைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இடுப்ப விட்டே எறங்கல அது."

"அப்ப நீங்க வந்து சொல்வீங்களா மிஸ்? தாலுகா ஆபீஸ்லயோ, எங்க வேணுமோ அங்க. இவளுக்குப் பதினெட்டு ஆகலன்னு ஒரு வார்த்த."

சுலோசனா மிஸ் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது அவள் குரல் வேறாக இருந்தது.

"ஒண்ணு சொன்னா ஒண்ணோட நிக்குமா? எத்தன புள்ளைங்களுக்கு இப்படி எழுதினீங்கன்னு கேப்பான். அதுல பாதிப் பேரு இன்னைக்கு கவர்மென்ட் வேலைல இருக்கறான். ஒருத்தன் போலீஸ்லயே இருக்கறான். நான் மூடுன ஸ்கூல் அது டீச்சர். தொறக்கச் சொல்லாதீங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பவும் இல்லை.

நாலு மணிக்கு ஸ்கூட்டர் நிலாவை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. தட்சணாமூர்த்தி உள்ளே வரவில்லை. எப்போதும் வருவார், ஒரு வாய் டீ குடிப்பார். இன்றைக்கு வண்டியைக்கூட அணைக்கவில்லை.

சின்னவர்கள் இருவரும் உலக உருண்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கீதா நிலாவைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நிலா. நான் ஒண்ணு சொல்றேன். முழுசா கேளு. நடுவுல பேசாத."

"சொல்லும்மா."

"உனக்குப் பதினெட்டு ஆகல. ஜூலை பத்து உன் பொறந்தநாளே இல்ல. நான்தான்..."

"தெரியும்."

வெளியே அரசு ஏதோ கத்தினான். செந்தமிழ் பதிலுக்குக் கத்தினாள்.

"கார்த்திக மாசம். பதினாறு வயசு, ஏழு மாசம். பெரியப்பா காட்டுனாரும்மா, ரெஜிஸ்டர. வெயில்ல தூக்கிப் புடிச்சா அடிச்சதுக்குக் கீழ நல்லாவே தெரியுது."

"என்னா சொன்னாரு?"

நிலா விரல்களைப் பின்னிக்கொண்டாள். பாடம் ஒப்பிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"இது உங்கம்மா கையெழுத்து. பொய்யா எழுதிப் புள்ளைய சேத்துருக்கா. வெளிய தெரிஞ்சா கேசு. உன் டென்த் சர்ட்டிபிகேட் செல்லாது. உங்கம்மா உள்ள போனா செந்தமிழையும் அரசுவையும் யாரு ஒக்கார வெச்சு சொல்லித் தருவா? செந்தமிழு மறுபடியும் பேசாமப் போயிடும். நீ கையெழுத்து போட்டுட்டா ரெஜிஸ்டர நானே அடுப்புல போட்டுடறேன். அப்படின்னாரு."

ஒரு வாரமாக இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு, எதிரில் உட்கார்ந்து வேதியியல் படித்திருக்கிறாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நேரா போயி நான்தான் எழுதுனேன்னு நிப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

"நிக்கத்தான் போறேன்! திங்கக்கெழம தாலுகா ஆபீஸ் தொறந்த ஒடனே போறேன். என் புள்ளைக்குப் பதினாறுதான், பொய் எழுதுனது நான்தான்னு எழுதிக் குடுக்கறேன். என்ன வேணா பண்ணிக்கட்டும். சர்ட்டிபிகேட் போனா போவுது, மறுபடியும் எழுதிக்கலாம், நான் சொல்லித் தரேன். உன் அத்த அந்த நெலத்த உன்ன நம்பி வெச்சுட்டுப் போனா நிலா. அது போச்சுன்னா உங்கப்பா எந்தப் பாத்தில எறங்குவாரு? நாம அஞ்சு பேரும் எங்க போயி நிப்போம்? நீ ஜூலை பத்தாம் தேதி எங்கயும் போகாத. கையெழுத்து மட்டும் போடாத. அது போதும் எனக்கு."

நிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிலா?"

"இன்னைக்குப் போட்டுட்டம்மா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை.

"எதுல?"

"முத்திரைத்தாள்ல. நாலு பக்கம். எல்லாப் பக்கத்துலயும். ஒரு தடவ கூட மாறல." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. "தேதி மட்டும் போடாத, அத நான் பாத்துக்கறேன்னாரு. ஜூலை பத்துக்கு அப்புறம் அவரே போட்டுக்குவாராம். பதினொண்ணாம் தேதி ஆபீஸ்ல வந்து நின்னா மட்டும் போதுமாம்."

சங்கீதா அடுப்பை அணைத்தாள். யோசி, யோசி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பதினாறு வயதுப் பெண் போட்ட கையெழுத்து. அது செல்லாது என்று நிரூபிக்கப் பதிவேடு வேண்டும். பதிவேடு அவரிடம். சுலோசனா மிஸ் வாய் திறக்கமாட்டாள். மீதி இருப்பது பெற்றவர்கள் இரண்டு பேரின் வாக்குமூலம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நின்று, இவள் எங்கள் பிள்ளை, இவளுக்கு வயது பதினாறு என்று சொன்னால் யாரால் தள்ள முடியும்? கண்ணாயிரம் அண்ணனுக்குப் பயந்தவர்தான். ஆனால் நிலா என்றால் உயிர்.

"சாட்சி யாரு போட்டா?"

"ரிசார்ட்டு டிரைவர் ஆரோக்கியராஜ் அண்ணன் போட்டாரு. என் முன்னாடியே."

"ரெண்டு சாட்சி வேணுமே?"

"இன்னொண்ணு ஏற்கெனவே போட்டிருந்துச்சு." நிலா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "பெரியப்பா அந்தப் பேரு மேல கைய வெச்சு மறைச்சுக்கிட்டாரு. கீழ மட்டும்தான் தெரிஞ்சுது."

"கீழ என்னா தெரிஞ்சுது?"

"ரெண்டு கோடு. நடுவுல ஒரு புள்ளி."

சங்கீதாவுக்கு அந்தக் கோடுகள் தெரியும்.

ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகளின் முன்னேற்ற அட்டையில், 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில், வருஷத்துக்கு மூன்று தடவை பார்த்திருக்கிறாள். அவள் கல்யாணத்தைப் பதிந்த புத்தகத்தில், அவள் பெயருக்கு மேலே, கண்ணாயிரத்தின் பெயருக்கு அடியில் அதே இரண்டு கோடும் புள்ளியும் இருக்கின்றன.

"வேற யாராச்சும் அப்படிப் போடுவாங்க, இல்லம்மா?" என்றாள் நிலா.

வெளியே குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உப்பளத்துக்குச் சாயங்கால நடை போயிருந்த கண்ணாயிரம் திரும்பிவந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அரசு ஓடிப்போய், "அப்பா, நீதான் மழைக்காலத்துக்கு டீச்சரு, தெரியுமா?" என்று அவர் முதுகில் தொற்றினான். அவர் சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மேசைமுன் உட்கார்ந்தார்.

"டீ இருக்குதா சங்கீதா?"

சங்கீதா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் டீ இல்லை. நிலாவின் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி, தாளின் மேல் குறுக்காக வைத்தாள்.

"உங்க கையெழுத்த ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

கண்ணாயிரம் தாளைப் பார்த்தார். அப்புறம் சமையலறை வாசலில் நின்ற நிலாவைப் பார்த்தார்.

எதுக்கு என்று அவர் கேட்கவில்லை.